ஒற்றையா, இரட்டையா? சீட்டுக் கட்டுக்குள் ஒளிந்திருக்கும் கணக்கு!

கையை இறுக மூடிக்கொண்டு, "ஒற்றையா, இரட்டையா?" என்று கேட்கிறான் அண்ணன்.

தங்கை யோசிக்கிறாள். மூடிய கைக்குள் இருப்பது புளியங்கொட்டை. சரியாகச் சொன்னால் அவளுக்கு ஒரு கொட்டை லாபம். தவறினால் ஒரு கொட்டை நஷ்டம்.

தங்கை கெட்டிக்காரி. "போன தடவை ஒற்றை வைத்தான். இந்தத் தடவை மாற்றி இரட்டை வைப்பான்" என்று கணக்குப் போடுகிறாள்.

அண்ணன் அவளுக்கும் மேலே! "நான் மாற்றுவேன் என்றுதான் இவள் நினைப்பாள். ஆகவே மாற்றக்கூடாது" என்று ஒற்றையே வைக்கிறான்.

"மாற்ற மாட்டான் என்று நான் நினைப்பேன் என்று அவன் நினைப்பான்" என்று தங்கை தொடங்கினால்? அப்புறம் அதற்கு முடிவே கிடையாது. அம்மா சாப்பிடக் கூப்பிடும் வரை யோசித்துக்கொண்டே இருக்கலாம்.

இதற்கு முடிவு உண்டு என்று 1928ல் ஒருவர் நிரூபித்தார். அவர் பெயர் ஜான் வான் நியூமன். ஹங்கேரி நாட்டில், புடாபெஸ்ட் நகரில் பிறந்த கணித மேதை. பிற்காலத்தில் அணுகுண்டு வேலையிலும், கம்ப்யூட்டர் உருவான வேலையிலும் பங்கு கொண்டவர் இவர்தான்.

அவர் கண்ட வழி என்ன? அண்ணன் ரகசியமாக ஒரு காசைச் சுண்ட வேண்டும். தலை விழுந்தால் ஒற்றை. பூ விழுந்தால் இரட்டை. அடுத்து என்ன வரும் என்பது அண்ணனுக்கே தெரியாது. அவனுக்கே தெரியாததைத் தங்கை எப்படிக் கண்டுபிடிப்பாள்? அவள் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும், நாளெல்லாம் ஆடினாலும், பாதிக்குப் பாதிதான் ஜெயிப்பாள் என்று எதிர்பார்க்கலாம்.

இப்படி எதிராளியின் மனதையும் சேர்த்துக் கணக்குப் போடும் சாஸ்திரத்துக்கு "ஆட்டக் கோட்பாடு" என்று பெயர்.

கல்யாண வீட்டுச் சீட்டு

நாஞ்சில் நாட்டில் இந்தக் கணக்கைப் பள்ளிக்கூடத்துக்குப் போகாமலே போடுகிறவர்கள் உண்டு. தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களைத்தான் நாஞ்சில் நாடு என்பார்கள். 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ந் தேதி தமிழ்நாட்டோடு சேரும் வரை, அது திருவிதாங்கூர்ச் சீமை. மலையாளத்துப் பழக்கவழக்கங்கள் பல அங்கே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஒன்று "இருபத்தெட்டு" என்ற சீட்டாட்டம்.

கல்யாண வீடானாலும், துஷ்டி வீடானாலும், இரவு கண் விழிக்க வேண்டும் என்றால் சீட்டுக் கட்டு வந்துவிடும். நாலு பேர். எதிர் எதிரே இருப்பவர்கள் ஒரு கட்சி.

கட்டில் உள்ள 52 சீட்டில் 32 மட்டும் போதும். 2 முதல் 6 வரை உள்ள சீட்டுகளை எடுத்துவிடுவார்கள். இந்த ஆட்டத்தில் ராஜாவுக்கும் ராணிக்கும் மதிப்பில்லை! ஜாக்கிக்கு 3 புள்ளி. மலையாளத்தில் அதைக் குலான் என்பார்கள். ஒன்பதுக்கு 2. ஏசுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. ஒரு ஜாதிக்கு 7 புள்ளி. நாலு ஜாதிக்கு 28. பெயர் வந்த காரணம் இதுதான்.

முதலில் ஆளுக்கு 4 சீட்டு. அதைப் பார்த்துவிட்டு ஏலம் கேட்க வேண்டும். ஏலம் 14ல் தொடங்கும். அதிகம் கேட்டவர் துருப்பைத் தீர்மானிப்பார். ஆனால் வாயால் சொல்ல மாட்டார். ஒரு சீட்டைக் கவிழ்த்து வைத்துவிடுவார். பிறகு மேலும் 4 சீட்டு. ஆட்டம் தொடங்கும். துருப்பு எது என்று கேட்டவருக்கு மட்டுமே தெரியும். ஊருக்கு ஊர் சில்லறை விதிகள் மாறும். சாரம் இதுதான்.

"என்னவே, பதினெட்டு கேக்கீரு! கையில என்ன வச்சிருக்கீரு?"

"இருந்து பாரும் அண்ணாச்சி!"

இந்தச் சிரிப்புக்குப் பின்னால்தான் கணக்கு இருக்கிறது.

48ம் 27ம்

ஒருவருக்கு வந்த 4 சீட்டில் ஜாக்கியே இல்லை என்று வைத்துக்கொள்வோம். நாலு ஜாக்கியும் வெளியே இருக்கின்றன. அப்படியானால், ஏலம் கேட்கும் எதிராளியின் 4 சீட்டில் ஒரு ஜாக்கியாவது இருக்க என்ன வாய்ப்பு? நூற்றுக்கு 48.

அவர் கையிலேயே இரண்டு ஜாக்கி இருந்தால்? அதே வாய்ப்பு நூற்றுக்கு 27 ஆகக் குறைந்துவிடும். எதிராளி இன்னும் வாய் திறக்கவில்லை. தன் கையைப் பார்த்ததிலேயே எதிராளியின் கை பாதி தெரிந்துவிட்டது!

பிறகு எதிராளி "பதினெட்டு" என்கிறார். வெறுங்கையோடு அப்படிக் கேட்பவர் குறைவு. பட்டியல் இன்னும் சுருங்குகிறது. ஆட்டம் தொடங்கியதும், துருப்பு வெளிப்படும் முன்பு அவர் அந்த ஜாதியை முதலில் இறக்கக்கூடாது. ஆகவே அவர் எந்த ஜாதியை இறக்காமல் நழுவுகிறார் என்று மற்றவர்கள் கவனிப்பார்கள். பழம் தின்று கொட்டை போட்ட ஆட்டக்காரர் இதையும் அறிவார். வேண்டும் என்றே இரண்டு ஜாதிகளை இறக்காமல் வைத்திருப்பார். எது துருப்பு என்று எதிராளி திண்டாட வேண்டியதுதான்!

முறத்தில் நெல்லைப் புடைப்பதுபோலத்தான் இது. ஒவ்வொரு புடைப்பிலும் கொஞ்சம் பதர் பறக்கும். கடைசியில் நாலைந்து மணிகள் மிஞ்சும்.

பொய்க்கும் அளவு உண்டு

மேல்நாட்டில் "போக்கர்" என்ற சீட்டாட்டம் பிரபலம். இன்று அதிகமாக ஆடப்படும் வகையில், ஆளுக்கு 2 சீட்டு ரகசியம். நடுவில் 5 சீட்டு எல்லாருக்கும் பொது. 52 சீட்டில் இரண்டை 1,326 விதமாக எடுக்கலாம். இரண்டு ஏஸ் வருவது அதில் 6 விதம். ஏசும் ராஜாவும் சேர்ந்து வருவது 16 விதம். தன் கையில் ஒரு ஏஸ் இருந்தால், எதிராளியிடம் இரண்டு ஏஸ் இருக்கும் விதம் 6ல் இருந்து 3 ஆகிவிடும். ஏசும் ராஜாவும் 12 ஆகிவிடும்.

"அவன் கையில் இரண்டு ஏஸ்தான்" என்று ஒரே இடத்தில் கண் வைப்பவன் கற்றுக்குட்டி. இருக்கக்கூடிய கைகளை எல்லாம் மனதில் பட்டியல் போட்டு, எதிராளி பணம் வைக்க வைக்க ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருபவன்தான் ஆட்டக்காரன். போக்கர் கற்பவர்கள் மாதக்கணக்கில் பழகுவது இந்தப் பட்டியலைத்தான்.

கையில் ஒன்றும் இல்லாமல், இருப்பதுபோல் பணத்தை வைத்து மிரட்டுவதும் போக்கரில் உண்டு. இது வெறும் துணிச்சல் என்றுதான் பலர் நினைத்தார்கள். இல்லை, இதுவும் கணக்கே என்று காட்டினார் வான் நியூமன். 1944ல், மார்கன்ஸ்டர்ன் என்ற பொருளாதார அறிஞரோடு சேர்ந்து அவர் எழுதிய பெரிய புத்தகத்தில் போக்கருக்கு ஒரு பகுதியே இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். நடுவில் 100 ரூபாய் கிடக்கிறது. ஒருவன் மேலும் 100 வைக்கிறான். எதிராளி 100 போட்டுத்தான் அவன் கையைப் பார்க்க முடியும். அது பொய்யானால் எதிராளிக்கு 200 லாபம். மெய்யானால் 100 நஷ்டம். வைப்பவன் மூன்று தடவையில் இரண்டு மெய்யும் ஒரு பொய்யுமாக வைத்தால்? எதிராளிக்கு 200 லாபம், 200 நஷ்டம். பார்த்தாலும் பயனில்லை, பார்க்காவிட்டாலும் பயனில்லை!

பொய்யே சொல்லாதவன் பணம் வைத்தால் எல்லாரும் எழுந்து போய்விடுவார்கள். பொய்யே சொல்பவனை எல்லாரும் பிடித்துவிடுவார்கள். சீட்டாட்டத்துக்கு மட்டும் சொல்லும் கணக்கு இது. வீட்டில் யாரும் பரீட்சை செய்ய வேண்டாம்!

இந்தத் துறையில் தமிழர்களும் பெயர் பெற்றார்கள். டி. பார்த்தசாரதி, டி. இ. எஸ். ராகவன் ஆகிய இருவரும் சேர்ந்து, இருவர் ஆடும் ஆட்டங்களைப் பற்றி 1971ல் எழுதிய ஆங்கிலப் புத்தகம் உலகெங்கும் கணித மாணவர்கள் கையில் இருந்தது. பார்த்தசாரதிக்கு 1986ல் பட்நாகர் விருது கிடைத்தது.

வருத்தப்பட்டு ஜெயித்த இயந்திரம்

2017ஆம் ஆண்டு ஜனவரி மாதம். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரம். போக்கரில் கைதேர்ந்த நாலு பேர் ஒரு கம்ப்யூட்டரோடு மோதினார்கள். அதன் பெயர் லிப்ராட்டஸ். 20 நாள். 1,20,000 ஆட்டம். கடைசியில் நாலு பேரும் தோற்றார்கள்!

அந்த இயந்திரத்துக்குப் போக்கர் கற்றுக்கொடுத்த ஆசான் யாரும் இல்லை. விதிகளை மட்டும் சொல்லிவிட்டார்கள். அது தன்னோடு தானே கோடிக்கணக்கில் ஆடியது. ஒவ்வொரு தடவையும், "அங்கே வேறு மாதிரி ஆடியிருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும்?" என்று பார்த்தது. அந்த வருத்தத்தைக் குறித்து வைத்துக்கொண்டது. வருத்தம் அதிகம் தந்த வழியை அடுத்த தடவை அதிகம் ஆடியது. போட்டி நடந்த நாட்களிலும் அதற்கு ஓய்வில்லை. பகலில் எதிராளிகள் கண்டுபிடித்த ஓட்டைகளை இரவோடு இரவாக அடைத்தது.

நம் ஊர் நளன் கதையிலும் இப்படி ஒரு கட்டம் வருகிறது. புட்கரனோடு சூதாடி நாட்டை இழந்தவன் நளன். ஒரு நாள் இருதுபன்னன் என்ற அரசன், தான்றி மரத்துக் காய்களை எண்ணாமலே இத்தனை என்று சொன்னான். நளன் எண்ணிப் பார்த்தான். சரியாக இருந்தது! அந்த வித்தையைக் கற்ற பிறகுதான் நளன் நாட்டை மீட்டான். சூதுக்கும் எண்ணுக்கும் உள்ள உறவை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள்.

கடைக்காரன் பங்கு

திறமை உள்ளவன் பணம் வைத்து ஆடினால் என்ன? இந்தக் கேள்வி கோர்ட்டு வரை போயிற்று. ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என்று 1968ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. அப்போது சீட்டு கையில் இருந்தது. பிறகு அது செல்போனுக்குள் போயிற்று. ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு தனியாக ஆடலாம். கண்ணெதிரே நோட்டு எண்ணிக் கொடுக்க வேண்டியதில்லை. பணத்தைத் தொலைத்தவர்கள் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் தமிழ்நாட்டில் அடுத்தடுத்து வந்தன.

நீதிபதி சந்துரு தலைமையில் 2022ல் குழு அமைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் மாநிலச் சட்டம் வந்தது. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று கூறி, அவற்றுக்கான தடையை மட்டும் அதே ஆண்டு நவம்பரில் சென்னை ஐகோர்ட்டு நீக்கியது. 2025 ஆகஸ்டு மாதம் நாடாளுமன்றமே சட்டம் இயற்றியது. திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும், ஆன்லைனில் பணம் கட்டி ஆடும் ஆட்டத்தை நடத்தக்கூடாது என்பது அந்தச் சட்டம். சில நாட்களிலேயே பெரிய கம்பெனிகள் பண ஆட்டத்தை நிறுத்திவிட்டன.

திறமையா, அதிர்ஷ்டமா என்று வக்கீல்கள் வாதாடினார்கள். கணக்கு வாத்தியாரைக் கேட்டால் வேறொன்றைக் கேட்பார்: "ஆட்டம் நடத்துகிறவனுக்கு எவ்வளவு?"

நாலு பேர் ஆளுக்கு 100 ரூபாயோடு உட்காருகிறார்கள். மொத்தம் 400. ஆட்டத்துக்கு 10 ரூபாய் நடத்துகிறவன் எடுத்துக்கொள்கிறான். 40 ஆட்டம் முடிந்தால்? நாலு பேரிடமும் ஒரு காசு இருக்காது. நாலு பேரும் வான் நியூமனாக இருந்தாலும் இதே கதிதான்! நால்வரில் கெட்டிக்காரன் லாபத்தோடு எழுந்திருக்க வேண்டும் என்றால், மற்ற மூவரின் பணம் அவனுக்கும் கடைக்காரனுக்கும் போதுமானதாக இருக்க வேண்டும். அந்த மூவரில் தான் ஒருவன் என்று யாரும் நினைப்பதில்லை.

இருபத்தெட்டில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே கடைக்காரன் கிடையாது. பந்தயமும் பணம் அல்ல, குணுக்கு! தொடர்ந்து தோற்ற கட்சிக்காரர்கள் காதில் ஓலையையோ இலையையோ தொங்கவிட்டுக்கொண்டு ஆட வேண்டும். அடுத்த ஆட்டத்தில் ஜெயித்தால்தான் அதைக் கழற்றலாம். பதினெட்டு கேட்ட அண்ணாச்சி, பொழுது விடியும் நேரத்தில் காதில் பிலா இலையோடு உட்கார்ந்திருப்பார். கல்யாண வீட்டுக் குழந்தைகள் தூக்கம் கலைந்து எழுந்து வந்து, அவரைச் சுற்றி நின்று சிரிப்பார்கள். அவர் கவலைப்பட மாட்டார். "சீட்டைக் கலக்கும்வே!" என்பார்.