பூஜ்யம் என்று ரிப்போர்ட் வந்தால்...

தைராய்டில் புற்றுநோய். ஆபரேஷன் செய்து சுரப்பியையே எடுத்தாகிவிட்டது. அப்புறம் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. 'தைரோகுளோபுலின் இல்லை' என்று ரிப்போர்ட் வந்தால் வீட்டில் பாயசமே வைத்துவிடுவீர்கள். வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் ஒரு நிமிஷம், ஆன்டிபாடி பற்றிய வரியையும் பார்த்துவிடுங்கள்!

தைரோகுளோபுலின் என்பது தைராய்டு செல்கள் மட்டுமே தயாரிக்கிற புரதம். சுரப்பியை எடுத்தவர் ரத்தத்தில் அது தலைகாட்டினால், நோய் எங்காவது மிச்சமிருக்கிறதோ என்று டாக்டர் சந்தேகப்படுவார். சிக்கல் என்னவென்றால், இந்த நோயாளிகளில் நூற்றுக்கு 20, 25 பேருக்கு அந்தப் புரதத்தை எதிர்க்கும் ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கும். அது புரதத்தின் மேல் போர்வை மாதிரி மூடிக்கொள்ளும். வழக்கமான பரிசோதனை ஏமாந்துபோய், இருப்பதையே இல்லை என்று சொல்லிவிடலாம்.

இதுக்கு என்ன வழி? 2008-ல் அமெரிக்காவில், சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒன்று செய்தார்கள். நம் குடலில் புரதத்தை ஜீரணிக்கிறதே டிரிப்ஸின், அதை சீரத்தில் விட்டார்கள். புரதம், போர்வை எல்லாமே பெப்டைடு என்கிற குட்டித் துண்டுகளாகிவிட்டன. தைரோகுளோபுலினுக்கே உரிய துண்டை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் அளந்தால் போதும்.

சொல்வது சுலபம்! ஒரு மில்லி சீரத்தில் சுமார் 70 மில்லிகிராம் புரதம். தேடுகிற சரக்கோ ஒரு நானோகிராம். எடையில் 7 கோடியில் ஒரு பங்கு! இந்த நெரிசலில் மெஷினே திணறும். அதனால் அந்த ஒரு துண்டை மட்டும் கவ்விப் பிடிக்கிற ஆன்டிபாடியைச் செய்து, அதால் பொறுக்கி எடுத்துக்கொண்டு, மற்றதைக் கழுவிவிட்டார்கள். எதிரியாக இருந்த ஆன்டிபாடியே இங்கே உதவிக்கு வந்தது வேடிக்கைதான்.

பெப்டைடு ஆராய்ச்சிக்கூடங்களில் 1990-களிலிருந்தே இன்னொரு யுக்தியும் உண்டு. மெஷினுக்குள் திரவத்தை நிமிஷத்துக்கு மைக்ரோலிட்டர் கணக்கில் தெளிக்காமல் நானோலிட்டர் கணக்கில் தெளிப்பது. துளி சிறுத்தால் சீக்கிரம் காயும். நிறைய பெப்டைடுகள் மின்னேற்றம் பெற்று உள்ளே போகும்.

இத்தனை செய்தும், ஆன்டிபாடி இல்லாதவர்களுக்கு வழக்கமான பரிசோதனைதான் பெரும்பாலும் இன்னும் நுட்பமானது. ஆன்டிபாடி உள்ள சிலருக்கோ, நோய் இருந்தும் புதிய முறையிலும் தைரோகுளோபுலின் தட்டுப்படுவதில்லை. அதனால் டாக்டர் கழுத்து ஸ்கேனையும் பார்ப்பார்; ஆன்டிபாடி அளவு ஏறுகிறதா, இறங்குகிறதா என்றும் கவனிப்பார். லேபுக்கு லேப் அளவு மாறும் என்பதால், ஒவ்வொரு தடவையும் ஒரே லேபில் எடுங்கள். பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடுத்த தடவை போகும்போது கையோடு கொண்டுபோங்கள்.