உறக்கம் இழந்த மூளையும் உறவு இழந்த மனமும்



வானொலியிற் பேசுவோர் அனைவரும் அறிந்துகொள்ள வேண்டிய கதையொன்றுடன் இப்பேச்சைத் தொடங்குகின்றேன். 1959ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், நியூயோர்க் மாநகரின் ரைம்ஸ் சதுக்கத்திலே, பீற்றர் டிரிப் என்னும் வானொலி அறிவிப்பாளர் ஒருவர், தரும நிதிக்குப் பணம் திரட்டும் நோக்கத்துடன் கண்ணாடிக் கூடமொன்றில் அமர்ந்து, 201 மணித்தியாலம் உறங்காது விழித்திருந்தார். வைத்தியர்களும் உளவியலறிஞர்களும் அவரை அருகிருந்து கவனித்தனர். சில நாள்களில் அவர் அற்ப காரணங்களுக்கெல்லாம் சினந்தார். பின்னர்த் தமது பாதணிக்குள் சிலந்தி வலை படர்ந்திருப்பதாகக் கண்டார். இறுதியில், தம்மைச் சோதிக்க வந்த வைத்தியரையே பிணம் அடக்கஞ் செய்ய வந்தவரென்று எண்ணி அஞ்சி ஓடினார். ஆயினும், நாள்தோறும் நிகழ்ச்சி நேரம் வந்ததும் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து பேசிவந்தார். அவருடைய மூளை பட்ட பாடு குரலில் எளிதிற் புலப்படவில்லை.

டிரிப்புக்கு இறுதிக் கட்டத்தில் விழிப்பூட்டும் மருந்துகள் கொடுக்கப்பட்டமையால், அவர் கண்ட மாயத்தோற்றங்கள் அனைத்தையும் உறக்கமின்மையின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனால், 1963 டிசெம்பர் இறுதியில் கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரிலே ராண்டி கார்ட்னர் என்ற 17 வயது மாணவர், பாடசாலை அறிவியற் கண்காட்சிக்காக, அத்தகைய மருந்து எதுவுமின்றி 264 மணித்தியாலம் விழித்திருந்தார். உறக்க ஆராய்ச்சியில் முன்னோடியான வில்லியம் டெமெண்ட் அவரை நேரிற் கவனித்தார். பதினோராம் நாளில், நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டு வருமாறு மாணவரிடம் கூறினர். 65 வரை வந்தவர் திடீரென நின்றுவிட்டார். ஏன் நிறுத்தினீர் என்று வினவியபோது, தாம் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதே மறந்துவிட்டதாகக் கூறினார். இத்தகைய முயற்சிகளின் ஆபத்தைக் கருதி, கின்னஸ் சாதனை நூல் இப்போது இவற்றைப் பதிவதில்லை.

இவ்வாறு நேர்வதற்குக் காரணம் என்ன? உறக்கம் என்பது மூளை தொழிலின்றிக் கிடக்கும் நேரமன்று. 1953இல் சிக்காகோ பல்கலைக்கழகத்து அசெரின்ஸ்கியும் கிளைட்மனும், உறங்குவோரின் விழிகள் சில வேளைகளில் விரைந்து அசைவதையும், அவ்வேளையில் மூளை சுறுசுறுப்பாக இயங்குவதையும் கண்டறிந்து வெளியிட்டனர். பகலிற் கற்றவை நினைவில் ஊன்றுவதற்கு உறக்கம் துணைபுரிகின்றது என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. நாம் விழித்திருக்குங்கால் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சிறிது சிறிதாகச் சேர்ந்து உறக்கத்தை வருவிக்கின்றது. தேநீரிலும் கோப்பியிலும் உள்ள கஃபீன் அப்பொருள் செயற்படும் வாயிலை அடைத்து நிற்கின்றது. ஆகவே, இரவு அருந்தும் தேநீர் உறக்கக் கடனைத் தீர்ப்பதில்லை. கடன்காரனை வாசலில் சற்று நேரம் காக்க வைக்கின்றது, அவ்வளவே.

மூளையின் ஆழத்தே அமிக்டலா என்றொரு சிறு பகுதி உண்டு. அச்சம், சினம் முதலிய உணர்ச்சிகள் எழுவதில் அதற்குப் பெரும் பங்குண்டு. நெற்றிக்குப் பின்னேயுள்ள முன்மூளை, ஆசிரியர் வகுப்பை அடக்குவதுபோல அதனை அடக்கி நெறிப்படுத்துகின்றது. ஏறக்குறைய 35 மணித்தியாலம் உறங்காதிருந்தவர்களை 2007இல் அமெரிக்க ஆய்வாளர் ஆராய்ந்தபோது, துயரூட்டும் படங்களைக் கண்ட அவர்களது அமிக்டலா, உறங்கியவர்களுடையதைவிட அறுபது வீதம் மிகையாகக் கிளர்ந்தது. முன்மூளையுடன் அதற்குள்ள தொடர்போ தளர்ந்திருந்தது. உறங்காதவர் எளிதிற் சீறுவதன் காரணம் இதனால் ஓரளவு விளங்குகின்றது.

நாம் பதினொரு நாள் விழித்திருக்கப் போவதில்லையே எனச் சிலர் எண்ணலாம். 2003இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த ஆய்வு அவ்வெண்ணத்தைத் தகர்த்தது. இரவுதோறும் ஆறு மணித்தியாலமே உறங்கியோரின் கவனமும் நினைவாற்றலும், இரண்டு வாரத்தில், ஓரிரண்டு இரவுகள் முற்றாக உறங்காதவருடையதை ஒத்த அளவுக்குக் குன்றின. அதனினும் கவலைக்குரியது, தமது நிலை தாழ்ந்து செல்வதை அவர்களே பெரிதும் உணராமைதான்.

இனி, மனிதர் மனிதருக்கு இழைக்கும் இன்னலைப் பார்ப்போம். அவமதிப்பு, தனிமை, வேலைப் பயம், வீட்டுப் பூசல் ஆகியவை நேருங்கால் உடலிற் கோர்ட்டிசோல் என்னும் சுரப்பு மிகுகின்றது. இயல்பாக அது முன்னிரவிற் குறைந்து விடியலை நோக்கி உயரும். மனக்கலக்கம் நீடிப்பின் அவ்வொழுங்கு குலைய, உறக்கம் விலகுகின்றது. உறக்கம் விலகியவனோ மனிதரை விட்டும் விலகுகின்றான். 2018இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் நிகழ்த்திய ஆய்விலே, உறங்காதவர்கள் தம்மை நோக்கி நடந்து வருபவரை வழமையிலும் தொலைவிலேயே நிறுத்தினர். அவர்கள் பேசும் காட்சிகளைக் கண்ட அந்நியர், இவர்கள் தனிமையில் வாடுபவர் என்று கூறியதோடு, தாமும் தனிமையுணர்ச்சிக்கு ஆளாயினர். இவ்வாறு கலக்கம் உறக்கத்தைக் கெடுக்க, உறக்கக்கேடு உறவைக் கெடுக்க, உறவுக்கேடு மீண்டும் கலக்கத்தை வளர்க்கின்றது.

இதனை நான் நூலிற் படிப்பதற்குப் பல்லாண்டு முன்னரே என் வகுப்பறையிற் கண்டேன், ஆனால் விளங்கிக்கொள்ளவில்லை. உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் காலை முதற் பாடத்திலேயே தூங்கி விழுவான். தட்டி எழுப்பினால் எடுத்தெறிந்து பேசுவான். சோம்பேறி, பணிவற்றவன் எனத் தீர்ப்பளித்து, அவனைப் பலமுறை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தேன். தகப்பனார் பட்ட கடனைக் கேட்டு இரவிலே ஆள்கள் வீட்டு வாசலுக்கு வருவதையும், தாயாரும் தங்கையும் அஞ்சாதிருக்க அவன் விடியும்வரை திண்ணையிற் காவலிருப்பதையும், அவன் பாடசாலையை விட்டு நின்ற பின்னரே அயலவர் ஒருவர் வாயிலாக அறிந்தேன். அவனைத் தேடிச் சென்றேன். குடும்பம் ஊர்விட்டுப் போயிருந்தது. உறக்கமிழந்த பிள்ளைக்கு உறவாக நின்றிருக்க வேண்டிய நான், அவனுடைய இன்னல்களில் ஒன்றாக இருந்துவிட்டேன்.

பதின்மூன்று முதல் பதினெட்டு வயதுவரையுள்ளோர்க்கு எட்டு முதற் பத்து மணித்தியால உறக்கம் தேவையென வைத்திய அறிஞர் கூறுகின்றனர். அவ்வயதில் உடலின் உட்கடிகாரமும் சற்றுப் பிந்தியே உறக்கத்தை அழைக்கின்றது. ஆகையால், பரீட்சைக் காலத்திலே நள்ளிரவுவரை படிக்கச் செய்து, அதிகாலை நான்கு மணிக்கு எழுப்பும் பெற்றோர், பிள்ளை படித்ததை நினைவில் ஊன்றும் நேரத்தையே பறிக்கின்றனர். விளக்கை அணையுங்கள், கையடக்கத் தொலைபேசியை வேறோர் அறையில் வையுங்கள், உறங்கப் போகும் பிள்ளையிடம் அன்றைய புள்ளிகளைக் கேட்டுக் கலங்க வைக்காதீர்கள்.

ஆசிரிய அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. நாளைக் காலை உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை தூங்கி விழுந்தால், தண்டிக்குமுன் அருகழைத்து, “இராத்திரி நித்திரை கொண்டாயா? வீட்டில் ஏதும் கரைச்சலோ?” என்று தாழ்ந்த குரலிற் கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அது.