தூண் பெட்டி ஏன் வாய் பிளக்கிறது?

வீடு கட்டும் இடம் ஒன்றில், தூணுக்கு அடித்த பெட்டி வாய் பிளந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பத்தடி உயரப் பெட்டி. மேலிருந்து கலவையைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், இரண்டு பலகைகள் சேரும் மூலையில் முதலில் சிமென்ட் பால் கசிந்தது. பிறகு ஆணி ஒன்று மெல்லத் தலை நீட்டியது. அடுத்த நிமிடம் பலகை விலகிக் கலவை முழுவதும் தரையில். “சின்ன பில்லர்தானேன்னு கிளாம்ப்பைக் கொறைச்சுட்டோம் சார்” என்றார் மேஸ்திரி.

பிழை அந்த ‘சின்ன’ என்பதில்தான். ஈரக் கான்கிரீட் இறுகும்வரை ஏறத்தாழத் திரவம்தான். திரவத்தின் அழுத்தம் ஆழத்தைப் பார்க்கும், அகலத்தைப் பார்க்காது. ஒன்பது அங்குலத் தூணானாலும் மூன்றடித் தூணானாலும் பத்தடி ஆழத்தில் அழுத்தம் ஒன்றே. கான்கிரீட் ஒரு கன மீட்டர் சுமார் 2,400 கிலோ, அதாவது தண்ணீரைப்போல் 2.4 மடங்கு. பத்தடிப் பெட்டியை ஒரே மூச்சில் நிரப்பினால், அடியிலுள்ள ஒவ்வொரு சதுர அடிப் பலகையையும் 600 கிலோவுக்கு மேல் வெளியே தள்ளும்.

அதனால்தான் தேர்ந்த ஆசாரி, பலகைகளை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்புகளைக் கீழே நெருக்கியும் மேலே போகப்போக விலக்கியும் போடுகிறார். நிதானமாக ஊற்றினால் கீழடுக்கு இறுகத் தொடங்கி, பலகைமீது சாய்வதைக் குறைத்துக்கொள்ளும். குளிர்நாளில் இறுகத் தாமதமாகும். வைப்ரேட்டரை ஆழமாக விட்டால் இறுகத் தொடங்கியதும் மறுபடி இளகும்.

மேல்தளத்தில் சிக்கல் வேறு. ஐந்து அங்குலக் கனத்தில் 1,000 சதுர அடித் தளம் என்றால் ஏறக்குறைய 28 டன். அதைத் தாங்கும் சவுக்கு முட்டு இந்தப் பாரத்தில் நசுங்காது, வளையும். 18ஆம் நூற்றாண்டில் கணிதவியலாளர் ஆய்லர் கண்ட கணக்கு இது: மெல்லிய கம்பத்தை நடுவில் இரு திசையிலும் குறுக்குக்கட்டையால் பிணைத்தால், வளையாமல் தாங்கும் பாரம் நான்கு மடங்காகும். முட்டின் அடியில் பலகைத் துண்டு வைக்காமல் கொட்டிய மண்ணில் நிறுத்தினால் இந்தக் கணக்கெல்லாம் வீண்.

பிரிக்கும் நாளும் கட்டும் நாளைப் போலவே முக்கியம். சாதாரண சிமென்டுக்கு, நம் இந்தியத் தரநிலை 456-இன்படி தாங்கல்களுக்கிடையே 4.5 மீட்டருக்கு மேல் நீளும் தளத்தின் முட்டுகள் 14 நாள் நிற்க வேண்டும். 6 மீட்டரைத் தாண்டும் உத்திரத்துக்கு 21 நாள். கான்கிரீட் பலம் பெறும்வரை பொறுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: 1978 ஏப்ரல் 27 அன்று அமெரிக்காவின் வில்லோ ஐலண்டில், மின்நிலையக் குளிர்விப்புக் கோபுரம் ஒன்றில் சாரமும் சென்ட்ரிங்கும் கோபுரத்தின் சுவர்மீதே பொருத்தப்பட்டிருந்தன. அவற்றைத் தாங்கியது முந்தைய நாள் ஊற்றிய கான்கிரீட். அது போதிய பலம் பெற்றிருக்கவில்லை. சாரம் பெயர்ந்து விழுந்ததில் 51 தொழிலாளர்கள் இறந்தார்கள்.

எந்த முட்டை முதலில் எடுப்பது என்பதிலும் உயிர் இருக்கிறது. தளத்துக்கு நடுவில் தொடங்கிச் சுவரை நோக்கி வர வேண்டும். பால்கனிக்கோ நுனியில் தொடங்க வேண்டும். சுவரோரத்து முட்டை முதலில் தட்டிவிட்டால் பாரம் நுனி முட்டில் ஏறும். அப்போது பால்கனித் தளத்தின் அடிப்பக்கம் இழுபடும். ஆனால் அந்த இழுப்பைத் தாங்க வேண்டிய முக்கியக் கம்பி பால்கனிக்கு ஓடுவதோ மேல்பக்கத்தில்.