நாற்பத்தைந்துக்குப் பிறகு – 7: டப்பாவில் வரும் மூலிகை

சென்ற வாரக் கட்டுரையைப் படித்துவிட்டு என் சித்தி மகள் மதுரையிலிருந்து பேசினாள். "அக்கா, ராத்திரி ரெண்டு மணிக்கு ஜாக்கெட்டைப் பிழிஞ்சா தண்ணி சொட்டுது. ஹார்மோன் மாத்திரைன்னாலே பயமா இருக்கு. பிளாக் கோஹோஷ்னு இயற்கை மருந்து ஒரு டப்பா வாங்கி வச்சிருக்கேன். சாப்பிடலாமா?" பேச்சின் நடுவே ஃபேனைக் கூட்டி வைக்க எழுந்து போய் வந்தாள். அவளுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

மாதவிடாய் நிற்கும் காலத்தில் வரும் இந்த வெக்கை, நம் வீடுகளில் சொல்லும் உடம்புச் சூடு அல்ல. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது, மூளையில் உடல் வெப்பத்தைக் காக்கும் ஹைப்போதலாமஸ் சின்ன ஏற்ற இறக்கத்தைக்கூடத் தாங்காமல் போகிறது. வெப்பம் இம்மியளவு ஏறினாலும் தோலின் ரத்தக் குழாய்களை விரித்து வியர்வையைக் கொட்ட வைக்கிறது. முகம் குப்பென்று எரிந்து, உடம்பு நனைந்து, சற்று நேரத்தில் குளிரெடுப்பது அதனால்தான். இளநீரும் எண்ணெய்க் குளியலும் இதம் தரும், அவ்வளவுதான்.

பிளாக் கோஹோஷ் வட அமெரிக்கக் காட்டுச் செடி ஒன்றின் வேர். அங்குள்ள பூர்வகுடிகள் மருந்தாகப் பயன்படுத்தியது. வாஷிங்டன் மாநிலத்தில் 351 பெண்களை ஓராண்டு கவனித்த ஆய்வு 2006-இல் வெளியானது. இந்த வேரைச் சாப்பிட்டவர்களுக்கும் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஹார்மோன் எடுத்துக்கொண்டவர்களுக்கு மட்டும் வெக்கை தெளிவாகக் குறைந்தது.

"எங்க ஆபீஸ்ல ஒருத்தங்களுக்கு நல்லாக் கேட்டுதே?" என்றாள். கேட்டிருக்கும், நான் மறுக்கவில்லை. அமெரிக்காவில் 188 பெண்களில் ஒரு பாதிக்கு ஆளி விதை சேர்த்த தின்பண்டம், மறு பாதிக்கு அதே போன்ற வெறும் தின்பண்டம் என்று ஆறு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான பெண்களுக்கு வெக்கை பாதியாகக் குறைந்தது! மருந்து சாப்பிடுகிறோம் என்ற நம்பிக்கைக்கு இந்தத் தொல்லையில் அவ்வளவு பலம் உண்டு. போதாததற்கு, வெக்கை தானாகவும் ஏறி இறங்கும். இறங்கும் மாதத்தில் கையில் இருந்த டப்பாவுக்குப் பெயர் வந்துவிடுகிறது.

வெக்கைக்கு நல்லது என்று சொல்லப்படும் சோயா கொஞ்சம் வேறு கதை. அதிலுள்ள டெய்ட்ஸீனை ஈக்வால் என்ற பொருளாக மாற்றும் பாக்டீரியா சிலர் குடலில்தான் உண்டு. ஜப்பானியரிடம் அதிகம், மேலை நாட்டவரிடம் குறைவு. ஒருவருக்குக் கேட்டது இன்னொருவருக்குக் கேட்காமல் போக இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மீல் மேக்கர் குழம்பு வையுங்கள், நல்ல புரதம். மருந்தென்று நம்பி மாத்திரையாக வாங்க வேண்டாம். ப்ரிம்ரோஸ் எண்ணெய் 1994-லும், சீனத்து டாங் குவாய் வேர் 1997-லும் சோதிக்கப்பட்டன. இரண்டுமே வெற்று மாத்திரையைத் தாண்டவில்லை.

இயற்கை என்றால் கெடுதல் இல்லை என்ற நினைப்புதான் எனக்குக் கவலை தருகிறது. பிளாக் கோஹோஷ் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததால் பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் அதன் லேபிளில் எச்சரிக்கை போடச் செய்தன. நம் அமுக்கரா கிழங்கு மாத்திரைகளுக்கும் அப்படிப்பட்ட புகார்கள் பதிவாகியிருக்கின்றன. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் எந்த மூலிகை மாத்திரையும் தொடக்கூடாது.

இன்னொன்று. இரவு வியர்வை எல்லாமே மாதவிடாய் நிற்பதால் வருவதல்ல. நம் ஊரில் காசநோயை மறக்கவே கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், எடை குறைவு, மாலைக் காய்ச்சல் இருந்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். தைராய்டு கூடினாலும், சர்க்கரை மாத்திரையால் இரவில் சர்க்கரை இறங்கினாலும் இப்படி வியர்க்கும். டப்பாவை நம்பி ஆறு மாதம் காத்திருந்தால் இவை முற்றிவிடும்.

ஹார்மோன் ஒத்துவராதவர்களுக்கு வேறு மாத்திரைகள் இருக்கின்றன. மனநல ஆலோசகர்கள் தரும் சிந்தனை, நடத்தைப் பயிற்சிக்கும் நல்ல ஆதாரம் உண்டு. ஹார்மோன் பயம் 2002-இல் எப்படிப் பரவியது, ஹார்மோன் சிகிச்சை யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பதை அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம்.

அதுவரை, தூக்கம் கெட்டுத் தவிக்கும் சகோதரிகள் தயவுசெய்து மகளிர் நல மருத்துவரைப் பாருங்கள். சாப்பிடும் டப்பா எதுவானாலும் கூச்சப்படாமல் எடுத்துப் போய் அவர் மேஜையில் வையுங்கள்.

(தொடரும்)