காற்றில்லாத அறுபது மீட்டர்

செமினி வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிகளில் விளையாட்டுப் போட்டி நெருங்கினால் புல் வெட்டுவதும் கயிறு கட்டிச் சுண்ணாம்புக் கோடு போடுவதுமாகத் திடல் களைகட்டிவிடும். தோட்டப்புறப் பள்ளியில் 400 மீட்டர் ஓடுதளத்துக்கு இடம் ஏது? 200 மீட்டர் வட்டம் அமைந்தாலே பெரிய காரியம். போட்டி அன்று முதல் தடத்தில் ஓடும் பையனை மட்டும் கவனித்துப் பாருங்கள். நேர்ப்பாதையில் பாய்ந்து வருவான். வளைவு தொடங்கியதும் உடம்பு இடப்பக்கம் சாயும், எட்டு குறுகும், வலது பாதம் புல்லில் வழுக்கும். இரண்டு மூன்று எட்டுக்குள் கோட்டைத் தாண்டிப் பக்கத்துத் தடத்துக்குள் போயிருப்பான். கோட்டருகே நிற்கும் ஆசிரியர் கொடியை உயர்த்துவார்.

பையன் மேல் குற்றமில்லை. உலக உள்ளரங்கத் திடல்தடப் போட்டியின் ஓடுதளமும் அதே 200 மீட்டர்தான். அந்த வளைவு உலகத் தரத்து ஓட்டக்காரர்களையே தடக்கோட்டை மிதிக்கவைத்திருக்கிறது. 2018ல் பர்மிங்காமில் நடந்த உலக உள்ளரங்கப் போட்டியில், ஆண்கள் 400 மீட்டர் தகுதிச் சுற்று ஒன்றில் இறங்கிய ஐந்து பேருமே நீக்கப்பட்டார்கள். ஒருவர் துப்பாக்கி வெடிக்கும் முன்னே கிளம்பியதற்காக, மற்ற நால்வரும் தடம் மாறி மிதித்ததற்காக. அடுத்த சுற்றுக்கு அனுப்ப அந்த ஓட்டத்தில் ஆளே மிஞ்சவில்லை.

உள்ளரங்கத் திடல்தடம் பனிக்கு அஞ்சிப் பிறந்த விளையாட்டு. வெளித்திடல் உறைந்துகிடக்கும் மாதங்களில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் கூரைக்குள் ஓடப் பழகின. 1985ல் பாரிசில் உலக அளவில் முதல் போட்டி நடந்தது. 1987ல் இண்டியானாபொலிசில் அதற்கு உலக வெற்றியாளர் போட்டி என்ற பெயர் வந்தது. ஆண்டு முழுக்க வெயில் காயும் மலேசியாவில் நம் ஓட்டக்காரர்கள் புக்கிட் ஜாலிலிலும் மாநில அரங்கங்களிலும் திறந்த வானத்தின் கீழேதான் தங்களை நிரூபிக்கிறார்கள். நமக்கு எதற்குக் கூரை என்று கேட்கலாம். எனக்கு இதில் அக்கறை பிறந்ததற்குத் தேர்வுதான் காரணம். நாட்டுக்காக யாரை அனுப்புவது என்று முடிவெடுக்கும் நேரத்தில், கடிகாரம் காட்டும் எண்ணில் ஓட்டக்காரரின் பங்கு எவ்வளவு, காற்றின் பங்கு எவ்வளவு, கிடைத்த தடத்தின் பங்கு எவ்வளவு? வெளித்திடலில் இவை மூன்றும் கலந்தே வரும். கூரைக்குள் அவற்றைத் தனித்தனியே பார்க்க முடிகிறது.

முதலில் காற்று. 100 மீட்டர் ஓட்டத்தின்போது தடத்தின் ஓரத்தில், தரையிலிருந்து 1.22 மீட்டர் உயரத்தில் ஒரு காற்றுமானி நிற்கும். துப்பாக்கி வெடித்ததிலிருந்து 10 வினாடிக்கு அது காற்றை அளக்கும். நீளந்தாண்டுதலில் 5 வினாடி. சராசரி வேகம் வினாடிக்கு 2 மீட்டருக்கு மேல் முதுகுப் பக்கம் வீசினால் அந்த நேரமோ தூரமோ சாதனைப் பட்டியலில் ஏறாது. அந்த 2 மீட்டர் காற்றே 100 மீட்டர் ஓட்டத்தில் ஏறத்தாழ 0.1 வினாடி சேமித்துக் கொடுக்கிறது. வேக ஓட்டத்தில் 0.1 வினாடி என்பது ஒரு மீட்டருக்கு மேல். தங்கத்துக்கும் நான்காம் இடத்துக்கும் உள்ள தூரம்.

இது எப்படியெல்லாம் விளையாடும் என்பதற்கு 2022 ஏப்ரலில் கேரளத்தின் தேஞ்ஞிப்பாலத்தில் நடந்த கூட்டமைப்புக் கோப்பைப் போட்டியைச் சொல்ல வேண்டும். நீளந்தாண்டுதலில் தூத்துக்குடி மாவட்டம் முதலூரைச் சேர்ந்த ஜெஸ்வின் ஆல்ட்ரின் 8.37 மீட்டர் தாண்டினார். முரளி ஸ்ரீசங்கர் 8.36 மீட்டர். தங்கம் ஜெஸ்வினுக்குப் போனது, இந்தியாவின் தேசியச் சாதனையோ ஸ்ரீசங்கர் பெயரில் பதிவானது. ஜெஸ்வின் தாண்டியபோது வினாடிக்கு 4.1 மீட்டர் காற்று, ஸ்ரீசங்கருக்கு 1.5. ஒரே மாலை, ஒரே மணல்குழி, ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம். ஆனால் வெற்றியாளர் ஒருவர், சாதனையாளர் இன்னொருவர். தேர்வுக்குழுவில் உட்கார்ந்திருப்பவர் இதில் எந்த எண்ணை நம்புவார்?

பத்து மாதம் கழித்து, 2023 பிப்ரவரியில், அதே ஜெஸ்வின் கசகஸ்தானின் அஸ்தானாவில் ஆசிய உள்ளரங்கப் போட்டியில் 7.97 மீட்டர் தாண்டி வெள்ளி வென்றார். தமிழ்நாட்டின் பிரவீண் சித்ரவேல் மும்முறைத் தாண்டுதலில் 16.98 மீட்டருடன் இன்னொரு வெள்ளி. கூரைக்குள் காற்றுமானியே கிடையாது. அதற்கு அங்கே வேலையில்லை. அங்கே தாண்டிய ஒவ்வொரு சென்டிமீட்டரும் முழுக்க அவர்களுடையது. அந்த 7.97ஐ நான் 8.37க்குக் குறைவாக மதிக்க மாட்டேன்.

வீசாத காற்றும் தடைதான். ஓடுகிறவர் தானே காற்றைப் பிளந்துகொண்டு போக வேண்டும். காற்று மெலிந்த இடத்தில் அந்த வேலை குறையும். டாக்டர் எம். ஜெகதீசன் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் அரையிறுதிவரை போனார். அங்கே அவர் ஓடிய 20.92 வினாடி மலேசியாவின் தேசியச் சாதனையாக 49 ஆண்டுகள் நின்றது. 2017ல்தான் கைருல் ஹாஃபிஸ் ஜந்தான் 20.90 ஓடி அதைத் தாண்டினார். மெக்சிகோ நகரம் கடல்மட்டத்துக்கு 2,240 மீட்டர் மேலே இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கோலாலம்பூரில் உள்ளதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. அந்த ஒலிம்பிக்கில்தான் முதன்முறையாகச் செயற்கை ஓடுதளமும் போடப்பட்டது. இதைச் சொல்வதால் ஜெகதீசனின் பெருமை ஒரு துளியும் குறையாது. 1966 பாங்காக் ஆசியப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 அஞ்சலோட்டம் என்று மூன்று தங்கம் வாங்கிய மனிதர் அவர். எந்த எண்ணும் தன் இடத்தையும் காற்றையும் சேர்த்துச் சுமந்துகொண்டுதான் வருகிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

கூரைக்குள் வேக ஓட்டம் 60 மீட்டர். காற்றில்லை, வளைவில்லை, மழையில்லை. அரங்கின் நடுவில் நேராக ஒரு பட்டை. கோட்டைத் தாண்டிச் சில மீட்டரில் சுவரும் அதில் சாத்திய மெத்தைகளும். அமெரிக்காவின் கிறிஸ்டியன் கோல்மன் 2018ல் ஓடிய 6.34 வினாடிதான் சாதனை. 2009 பெர்லினில் உசைன் போல்ட் 9.58ல் 100 மீட்டர் ஓடியபோது 60 மீட்டரை 6.31ல் கடந்தார் என்று கணக்கிட்டிருக்கிறார்கள், ஆனால் அவருக்கு முதுகுப்பக்கம் 0.9 மீட்டர் காற்று இருந்தது. முடிவுக்கோட்டில் 0.01 வினாடி என்பது ஏறக்குறைய 11 சென்டிமீட்டர், ஒரு கை அகலம். அந்த ஒரு கை அகலத்தில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து இன்னொருவரை வீட்டுக்கு அனுப்புவதென்றால், காற்று நுழையாத இடத்தில் அளந்த எண்தான் நியாயமானது என்பது என் உறுதியான எண்ணம்.

கூரை நியாயம் செய்வது இந்த நேர்ப்பாதையோடு சரி. வளைவுக்கு வந்தால் கதை தலைகீழ்.

வெளித்திடலில் முதல் தடத்தின் வளைவு ஆரம் 36.5 மீட்டர். உள்ளரங்கில் 17.2 மீட்டர், பாதிக்கும் குறைவு. வினாடிக்கு 9.5 மீட்டர் வேகத்தில் ஒருவர் வளைவுக்குள் நுழைகிறார் என்று வையுங்கள். அவரை வட்டத்துக்குள் பிடித்துவைக்கத் தேவைப்படும் பக்கவாட்டு விசை வெளித்திடலில் அவர் எடையில் கால்வாசி. உள்ளரங்கில் பாதிக்குச் சற்று மேல். வெளியே 14 பாகை சாய்ந்தால் போதும், உள்ளே 28 பாகை சாய வேண்டும். செப்பாங் பந்தயத் தடத்தில் மோட்டார்சைக்கிள் படுத்து எழுவதை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே டயருக்குப் பதில் ஒற்றைக் கால். அந்தக் காலுக்கு, 60 கிலோ மனிதர் 68 கிலோ ஆனதுபோல் இருக்கும். ஆறாம் தடத்தில் ஓடுபவரின் வட்டம் பெரிது, அவருக்கு அது 65 கிலோ.

இதற்காகத்தான் உள்ளரங்க வளைவை வெளிப்புறம் 10 பாகை அளவுக்கு உயர்த்திக் கட்டுகிறார்கள். விதி 15 பாகைவரை அனுமதிக்கிறது. இந்தச் சரிவால் பாதம் வழுக்காது, கணுக்கால் முறுக்காது. ஆனால் கூடுதல் எடை இம்மியும் குறையாது. தடத்தைச் சாய்க்கலாம், 17 மீட்டர் வட்டத்தை 36 மீட்டராக்க முடியாதே.

எட்டுக் கிலோ கூடினால் ஏன் வேகம் குறைய வேண்டும்? பிரிட்டனின் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஜேம்ஸ் அஷர்வுட், ஆலன் வில்சன் இருவரும் 2006ல் இதற்குத் தெளிவான விளக்கம் தந்தார்கள். வேக ஓட்டத்தில் பாதம் தரையில் படுவது ஏறத்தாழ பத்தில் ஒரு வினாடிதான். அந்தக் கண நேரத்தில் கால் தாங்கக்கூடிய விசைக்கு ஓர் உச்சம் உண்டு. அதற்கு மேல் தாங்காது என்பதால், வளைவில் கூடும் சுமையைச் சமாளிக்கப் பாதம் தரையில் இன்னும் கொஞ்சம் அதிக நேரம் ஊன்றி நிற்கிறது. ஊன்றும் நேரம் கூடினால் வேகம் குறையும். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக், அதே ஆண்டின் உலக உள்ளரங்கப் போட்டி ஆகிய இரண்டின் 200 மீட்டர் முடிவுகளையும் வைத்துக் கணக்குப் போட்டார்கள். உள்ளரங்க நேரங்கள் மோசமாக இருந்ததும், உள்தடக்காரர்கள் பின்தங்கியதும் இந்த ஒரே விளக்கத்துக்குள் அடங்கின.

அதற்கு முந்தைய ஆண்டு அவர்கள் பந்தய நாய்களைப் படம்பிடித்திருந்தார்கள். எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த கண்டுபிடிப்பு அதுதான். கிரேஹவுண்ட் நாய் கூர்மையான வளைவில் நுழையும்போது அதன் கால்கள் 65 விழுக்காடு கூடுதல் விசையைத் தாங்குகின்றன. ஆனாலும் பாதம் ஊன்றும் நேரம் மாறுவதில்லை! நாய்க்கு முன்தள்ளும் ஆற்றல் இடுப்பைச் சுழற்றும் தசைகளிலிருந்து வருகிறது. எடையைத் தாங்குவது வேறு உறுப்பு, உந்துவது வேறு உறுப்பு. நமக்கோ தாங்குவதும் உந்துவதும் ஒரே கால். 2007ல் யங்-ஹுய் சாங், ராட்ஜர் கிராம் இருவரும் மனிதர்களை மிகச் சிறிய வட்டங்களில் ஓடவைத்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது: வட்டத்தின் உட்புறம் இருக்கும் கால் எப்போதும் குறைந்த விசையையே கொடுக்கிறது. திடலில் எல்லாரும் இடப்புறம் திரும்பியே ஓடுவதால், அந்தப் பலவீனம் இடது காலில் விழுகிறது.

ஆகவே உள்ளரங்க 200 மீட்டரில் முதல் தடம் யாருக்கு விழுந்ததோ அவர் தோற்றார் என்று ஓடும் முன்பே சொல்லிவிடலாம் போலிருந்தது. குலுக்கல் சீட்டு பதக்கத்தை முடிவு செய்வதைப் பொறுக்க முடியாமல், 2004 புடாபெஸ்ட் போட்டியோடு உலக உள்ளரங்கப் பட்டியலிலிருந்து 200 மீட்டரை எடுத்துவிட்டார்கள். சரியான முடிவு. 400 மீட்டர் இன்னும் இருக்கிறது. அதில் முதல் சுற்று முடிந்ததும் தடக்கோடுகள் தீர்ந்துபோகும், எல்லாரும் உட்புறத்துக்குப் பாய்வார்கள். அந்த இடத்தில் யார் முன்னால் வருகிறாரோ அவரைத் தாண்ட வேண்டுமானால் வெளிவளைவில் கூடுதல் தூரம் ஓட வேண்டும்.

கூரைக்குள் ஓடப் பழகும் மலேசியர்களும் உண்டு. ஈப்போவைச் சேர்ந்த ஷெரின் சாம்சன் வள்ளபோய், 1993லிருந்து நின்ற பெண்கள் 400 மீட்டர் தேசியச் சாதனையை முறியடித்தவர். 2023 புனோம் பென் சீ விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றவர். அப்பாவும் அம்மாவும் ஓட்டக்காரர்கள். அவர் படிக்கப் போனது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள வினோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு. அங்கே குளிர்காலம் என்றாலே உள்ளரங்கப் பருவம். 10.09 வினாடியில் 100 மீட்டர் ஓடிய அஸீம் ஃபாமி அலபாமாவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். கூரை இருக்கும் இடங்களுக்கு நம் பிள்ளைகள் கடல் கடந்து போகிறார்கள்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் பனி இல்லாவிட்டாலும் மாலை நான்கு மணி இடிமழை இருக்கிறது. தேர்வோட்டம் மழையில் தள்ளிப்போவதும், ஈரத் தடத்தில், ஒழுங்கில்லாத காற்றில் ஓடிய நேரத்தை வைத்து ஒருவரின் ஆண்டே முடிவாவதும் இங்கே புதிதல்ல. வளைவோடு கூடிய முழு உள்ளரங்கம் கட்டப் பெரும் பணம் வேண்டும். இந்தியாவில் புவனேசுவரத்தின் கலிங்கா வளாகத்தில் அப்படி ஒன்று எழுந்திருக்கிறது. நமக்கு முதலில் அவ்வளவு வேண்டாம். ஏறத்தாழ நூறு மீட்டர் நீளமுள்ள, பக்கங்களை மூடிய ஒரு கொட்டகையும், அதற்குள் 60 மீட்டர் நேர்ப்பாதையும் போதும்.

அப்படி ஒன்று இருந்தால் 4x100 அஞ்சலோட்ட அணியைத் தேர்ந்தெடுக்கும் விதமே மாறும். முதல் ஆளும் மூன்றாம் ஆளும் வளைவில் ஓடுகிறார்கள். இரண்டாமவரும் நான்காமவரும் பெரும்பாலும் நேர்ப்பாதையில். 100 மீட்டரை ஒரே நேரத்தில் ஓடும் இருவரில் ஒருவர் வளைவில் அதிகம் இழப்பார், இன்னொருவர் குறைவாக இழப்பார். கொட்டகைக்குள் இருவருக்கும் 60 மீட்டர் நேர்ப்பாதை நேரம் எடுங்கள். பிறகு வெளியே, காற்றடங்கிய காலை வேளையில், அதே இருவரையும் 60 மீட்டர் வளைவில் ஓடவிடுங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் வருவது வளைவு அவரிடமிருந்து பிடுங்கும் நேரம். யாருக்கு அது குறைவோ, மூன்றாம் கோல் அவருக்கு.