தங்கச்சிக்குப் பட்டப்பெயர் வைத்திருக்கிறீர்களா?

கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஜன்னலோர சீட் கிடைத்துவிட்டதா? சிப்காட் வேலைக்கு இன்னும் நேரம் இருக்கிறது. ஒரே ஒரு கேள்வி சார்... காலையில் கிளம்பும்போது தங்கச்சியை எப்படிக் கூப்பிட்டீர்கள்?

"ஏய் கறுப்பி, என் டிபன் பாக்ஸ் எங்கே?"

தமாஷ்தான். அவளும் சிரித்தாள். ஆனால் ப்ளஸ் ஒன் படிக்கிற பெண் கண்ணாடி முன்னால் நின்றால், முதலில் காதில் விழுவது அந்த வார்த்தைதான். கிளாஸில் பதில் தெரிந்தாலும் எழுந்து சொல்ல வாய் வராது. 'நமக்கு மட்டும்தான் இப்படி' என்று மனசுக்குள் புழுங்குவாள்.

இந்த 'நமக்கு மட்டும்தான்' வியாதிக்கு ஒரு வைத்தியம் உண்டு. ஒரே மாதிரிக் கஷ்டம் உள்ளவர்களை வட்டமாக உட்காரவைத்துப் பேச விடுவது! 1905-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் டாக்டர் ஜோசப் பிராட், காசநோயாளிகளை வாராவாரம் கூட்டிவைத்துப் பாடம் நடத்தினார். ஒருவரைப் பார்த்து ஒருவர் தெம்பானார்கள். 'குரூப் தெரபி'க்கு அங்கேதான் பிள்ளையார் சுழி.

நம் நாட்டிலும் இதே வழியில், 2013-ல் பீகாரில் 76 பள்ளிகளில், மூவாயிரத்துக்கும் அதிகமான மாணவிகளை வைத்து ஒரு ஆராய்ச்சி தொடங்கியது. 'சிகிச்சை' என்று பயமுறுத்தவில்லை. வாரம் ஒரு மணி நேரம் கூடிப் பேச வேண்டும், அவ்வளவுதான். நடத்தியவர்கள் டாக்டர்கள் அல்ல, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள். 'என்னிடம் என்ன நல்ல குணம் இருக்கிறது? கோபம் வந்தால் என்ன செய்வது? சண்டையை எப்படித் தீர்ப்பது?' இதெல்லாம்தான் பாடம். முடிவில் அளந்து பார்த்தார்கள். வகுப்பில் சேராத பெண்களைவிட இவர்களுக்கு மன உறுதியும் தன்னம்பிக்கையும் கூடியிருந்தன!

'அட, எனக்கும் அப்படித்தான்டி!' என்று பக்கத்தில் இருப்பவள் சொல்லும்போது பாதி பாரம் இறங்கிவிடுகிறது.

ஆனால் ஒரு கணக்கு. வாரத்துக்கு 168 மணி நேரம். வட்டத்தில் உட்காருவது ஒரு மணி. மிச்சம் 167 மணியில் பெரும்பகுதி வீட்டில்... நம்மோடு! அங்கே கட்டியதை இங்கே நாம் இடிக்கலாமா?

தங்கச்சி சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் நாள் கணக்கில் ஒதுங்கியே இருந்தால், 'வயசுக் கோளாறு' என்று விட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் கூட்டிப் போங்கள். 14416-க்கு எந்த நேரமும் இலவசமாகப் போன் செய்து யோசனை கேட்கலாம். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய மனநல உதவி எண் அது.

மற்றபடி, நாளைக் காலையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். "என்னண்ணா, பணம் கிணம் வேணுமா?" என்று சந்தேகமாகப் பார்ப்பாள். பரவாயில்லை.

டிபன் பாக்ஸை நீங்களே தேடிக்கொண்டால் இன்னும் உசிதம்!