இகுவானாவின் உடல்மொழியும் வளர்ப்பவரின் கடமையும்

மத்திய, தென் அமெரிக்கக் காடுகளைத் தாயகமாகக் கொண்ட பச்சை இகுவானா என்னும் பெரிய பல்லியினம் இன்று இந்திய நகரங்களிலும் வளர்ப்பு விலங்காக விற்கப்படுகிறது. குரல் எழுப்பித் துன்பத்தைத் தெரிவிக்காத உயிர் என்பதால், அதன் வலியையும் அச்சத்தையும் உடலசைவைக் கொண்டே அறிய வேண்டியுள்ளது.

தடவும்போது அது கண்களை மூடிக்கொள்வதைச் சுகத்தின் அடையாளமாகப் பலர் எண்ணுவது வருந்தத்தக்க பிழையாகும். விலகிச் செல்ல வழியில்லாதபோது வேண்டாத தொடுகையைத் தவிர்க்கவே அது பெரும்பாலும் அவ்வாறு செய்கிறது. அதன் உச்சந்தலையில் வெளிறிய ஒற்றைச் செதிலைப் போலத் தெரியும் ‘மூன்றாம் கண்’ உருவங்களைக் காணாது, ஒளியையும் நிழலையும் மட்டுமே உணரும். ஆகவே மேலிருந்து நீளும் கையின் நிழல் அதற்கு இரைதேடும் பறவையின் வரவாகிவிடுகிறது. பக்கவாட்டிலிருந்து, அதன் பார்வையில் படும்படி மெல்ல அணுகுவதே முறை.

தலையை மெதுவாக மேலும் கீழும் அசைப்பது தன் இருப்பை அறிவிப்பதாகும். ஆனால் வேகமாகத் தலையை உதறி, உடலைப் பக்கவாட்டில் தட்டையாக்கி, தாடைக்கடியில் தொங்கும் தோல்மடலை விரித்து, வாலை வளைத்து நிற்குமாயின், அடுத்து வருவது சாட்டையடி போன்ற வால்வீச்சோ ஆழமான கடியோ ஆகலாம். தும்மித் தெறிக்கும் வெண்துகள், மூக்குச் சுரப்பி வெளியேற்றும் மிகை உப்பே, அஞ்ச வேண்டியதில்லை. கால்விரல் துடிப்பும் தாடை வீக்கமும் அப்படியல்ல. சுண்ணாம்புச் சத்தும், அந்தச் சத்தை உடல் ஏற்க உதவும் புற ஊதா-பி கதிரும் குறைவதால் எலும்பு மென்மையாகும் நோயை அவை சுட்டக்கூடும் என்பதால், ஊர்வனவற்றுக்குச் சிகிச்சையளித்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டும்.

போதிய உணவு, நீர், தங்குமிடம் தராதிருப்பதும், உடல் இயல்பாக அசைய இடமற்ற கூண்டில் அடைப்பதும் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். மனிதரல்லாத எல்லா உயிர்களையும் அச்சட்டம் விலங்கு என்றே வரையறுப்பதால், இந்தப் பாதுகாப்பு இகுவானாவுக்கும் உண்டு. மேலும், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை நெறிப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இது இருப்பதால், 2022இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 2024ஆம் ஆண்டு விதிகளும் கோருகிறபடி, வைத்திருப்பவர் பரிவேஷ் இணையதளம் வழியே பதிவுசெய்ய வேண்டும். நம் நாட்டு உடும்போ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. அதை வீட்டில் வளர்க்கவே இயலாது.

நலமாகத் தோன்றும் இகுவானாவின் எச்சத்திலும் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். தொட்டபின் சோப்பிட்டுக் கைகழுவுவதும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை விலக்கி வைப்பதும், கூண்டுப் பாத்திரங்களைச் சமையலறையில் கழுவாதிருப்பதும் கட்டாயம்.